எதிர்க்குரல் இல்லாத தவளை

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. நானே போட்டது. ஆயுள் முழுக்கக் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவனுக்கு ஒரு தம்ளருக்கு எத்தனை ஸ்பூன் என்பது இன்னும் பிடிபடவில்லை. அளவு சொல்ல வீட்டில் ஆள் இல்லாவிட்டால் கை தாராளமாகப் போய்விடுகிறது.

ஷாரோனைப் பற்றி விசாரிக்க வந்ததாகச் சொன்னீர்கள். அந்தமான் தீவு ஒன்றிலிருந்து உயிருள்ள தவளைகளைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தாள் என்று அவள்மீது புகார். அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த தாமோதரன் வாத்தியார் என்ற முறையில் என்னிடம் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் என்றீர்கள். நியாயம்தான். ஆனால் உங்கள் வனத்துறை ஜீப் காலனிப் பக்கமிருந்துதான் வந்தது. மாடியில் வேட்டி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், பார்த்தேன். இப்போது பின்கட்டில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டதும் நீங்கள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள். ஸ்பூன் எதுவும் விழவில்லை. நீங்கள் தேடி வந்த தவளைதான் அது. எங்கும் ஓடிப்போகாது. காப்பியைக் குடியுங்கள், சொல்கிறேன்.

தவளைகளுக்குப் பெயர் வைப்பவர்கள் என்று உலகத்தில் ஒரு கூட்டம் உண்டு. நான் அதில் கடைசி பெஞ்ச். விரலுக்கு விரல் எவ்வளவு சவ்வு, முதுகில் எத்தனை மரு, கண்ணுக்கும் மூக்குக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து, இது இதுவரை யாரும் பார்க்காதது என்று நிரூபிக்க வேண்டும். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு நோண்டமாட்டார்கள். எங்கள் கூட்டத்துக்குத் தீவு என்றால் கொள்ளை ஆசை. தவளைக்குக் கடல் ஆகாது. உப்புத் தண்ணீர் பட்டால் தோல் வழியாகவே உயிர் போய்விடும். அதனால் நடுக்கடலில் ஒரு தீவில் மாட்டிக்கொண்ட தவளை, காலப்போக்கில் வேறு எங்கும் இல்லாத தவளையாக மாறிவிடும்.

என் மகள் வளர்மதியும் ஷாரோனும் என் வகுப்பில் ஒரே பெஞ்ச். ஷாரோனுடைய அம்மா ஞானசுந்தரி எங்கள் கழனியில் நடவுக்கு வருகிறவள். இருந்தாலும் ஷாரோன் இந்தக் கூடத்தில், நீங்கள் இருக்கிற அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்தாள். அவளுக்கென்று தனித் தம்ளர் எல்லாம் இந்த வீட்டில் கிடையாது. நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை.

படிப்பு முடிந்து இரண்டு பேரும் ஆராய்ச்சிக்காக அந்தமான் போனார்கள். வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற அளவுக்குச் சின்னத் தீவு. அங்கே தாழம்புதருக்குள் ஒரு தவளை, எவர்சில்வர் தம்ளரை ஸ்பூனால் தட்டுகிற மாதிரி கத்தியிருக்கிறது. வளர்மதி அதை போனில் பதிவு செய்தாள். தவளைச் சத்தத்துக்கு நடுவில் அவள் குரலும் கேட்கும். “ஏய் ஷாரோன், கம்முனு இரு. கேக்குதா?” அவ்வளவுதான். அந்த மழைக்காலத்திலேயே, ஷாரோன் முன்னால் ஊர் திரும்பிய பிறகு, வளர்மதிக்கு மலேரியா வந்தது. போர்ட் பிளேரில் போய்விட்டாள். நான் போய் ஒரு சின்னக் கலயத்தில் அவளை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு என் மனைவி சசிரேகா பேசுவதை விட்டுவிட்டாள். சண்டை கிடையாது, அழுகை கிடையாது. சோறு வைத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ஒரு கோமாளி. வகுப்பில் நான் வாயைத் திறந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். என் சரக்கு எதுவும் அவளிடம் விலை போகவில்லை.

அந்தத் தவளைக்கு மகள் பெயரை வைப்பது என்று முடிவு செய்தேன். அளந்து பார்க்க மாதிரிகள் வேண்டும். முறையாக அனுமதி வாங்கி ஷாரோனும் நானும் தீவுக்குப் போனோம். அனுமதி செத்த மாதிரிகளுக்கு மட்டும்தான். ஸ்பிரிட் பாட்டிலில் போட வேண்டியதைப் போட்டோம். அதோடு நான் சில தவளைகளை ஈரப் பஞ்சு வைத்து, டிபன் கேரியரின் மேல் அடுக்கில் உயிரோடு எடுத்துக்கொண்டேன். விமானத்தில் கேரியரைத் திறந்து பார்ப்பார்கள் என்று கப்பலில் வந்தோம். ஷாரோனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் ஒரே வாந்தி.

“சார், அந்த கேரியர்ல இன்னா சார்?” என்று கேட்டாள்.

“ஊறுகா” என்றேன்.

“ஐயோ, தொறந்துடாதீங்க சார்” என்று மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

பின்கட்டில் பழைய மாட்டுத்தொட்டி ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் விட்டு, ஓரத்தில் ஒரு தாழங்கன்று நட்டு, தவளைகளை விட்டேன். மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம் முதல் ‘டிங்’ கேட்டது. சசிரேகா எழுந்து பின்கட்டுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

“இன்னாங்க, இது வளரு போன்ல கேட்டது தானே?”

அதுதான் பல மாதங்களில் அவள் சொன்ன முதல் முழு வாக்கியம். அன்று ராத்திரி இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கத்துவது ஆண் தவளை மட்டும்தான், பெண் தவளைக்குக் குரல் கிடையாது என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. எல்லாப் பாடத்தையும் எல்லாருக்கும் நடத்த வேண்டியதில்லை.

தவளைக்கு வளர்மதியின் பெயர் வந்தது. அச்சிலும் வந்தது. அந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று நானே எழுதினேன். எழுதும்போது பின்கட்டில் கத்திக்கொண்டிருந்தது.

சில வருஷம் கழித்துப் பெருமழை பெய்தது. உங்களுக்கும் நினைவிருக்கும், செய்யாறும் பாலாறும் கரை தொட்டு ஓடின. பின்கட்டில் முழங்கால் தண்ணீர். தொட்டி நிரம்பி வழிந்து, அதில் பெருகியிருந்தவை ஒன்றிரண்டு தவிர வாய்க்கால் வழியாகப் பனந்தாங்கலுக்குப் போய்விட்டன. தாங்கல் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஏரிக்குத் தம்பி மாதிரி ஒரு சின்ன நீர்நிலை. எங்கள் பின்கட்டுக்கு நேர் பின்னால் அது, அதன் அந்தக் கரையில் காலனி. தாங்கல் கரை முழுக்கத் தாழம்புதர். தவளைகளுக்கு மாமியார் வீடு கிடைத்த மாதிரி.

அதற்கப்புறம் சாயங்காலங்களில் இங்கே தொட்டியில் ஒன்று கத்தினால் தாங்கலிலிருந்து பதில் வரும். சசிரேகா சிரித்தாள். “நம்ம வூட்டுது கூப்டுது, அங்க ஒண்ணு எதிர்க்கொரல் குடுக்குது பாருங்க” என்பாள். நான் இதற்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டேன். தப்பான நினைப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

அப்போது ஷாரோன் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தாள். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவள், சைக்கிளைத் தெருவில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். முட்டி வரைக்கும் சேறு.

“சார், நம்ம வளரு இங்க கீறா சார்.”

“இன்னாம்மா சொல்றே?”

“எங்கம்மா ரெண்டு மூணு நாளா சொல்லிக்கினே கீது சார், தாங்கலாண்ட யாரோ தம்ளர் தட்றாங்கன்னு. பேயின்னு நெனச்சிக்கினு அந்தப் பக்கமே போறதில்ல. நான் போயி கேட்டேன் சார். அதேதான் சார்.”

“நல்லா பாத்தியா? வேற எதுனா தவளையா இருக்கும்.”

“தூக்கத்துல கேட்டாக்கூட சொல்லுவேன் சார். அவ பக்கத்துல குந்திக்கினு கேட்ட சத்தம் சார் இது.”

இங்கே ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. நான்தான் கொண்டுவந்தேன் அம்மா என்றால் முடிந்தது. என் வேலை போயிருக்கும், ஓய்வூதியத்துக்கு இடைஞ்சல் வந்திருக்கும், தொட்டியை உங்கள் ஆட்கள் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். சசிரேகா மறுபடி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளை நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன். வேறு எதுவும் மனதில் இல்லை.

ஷாரோன் ஒரு சின்னக் குறிப்பு எழுதி வெளியிட்டாள். தீவில் மட்டுமே உண்டு என்று கருதப்பட்ட தவளை காஞ்சிபுரம் மாவட்டத்திலும் உண்டு. அவ்வளவுதான் செய்தி. அவளுக்குப் பாராட்டு வந்தது. எனக்கு மிட்டாய் வந்தது.

அந்தத் தீவில் ஒரு தனியார் கம்பெனி ஓட்டல் கட்டவும் படகுத்துறை போடவும் வெகுநாளாகக் காத்துக்கொண்டிருந்தது. குறுக்கே நின்றது வளர்மதியின் தவளைதான். வேறெங்கும் இல்லாத உயிர் என்பதால் காட்டைத் தொடக்கூடாது என்று தடை. இப்போது ஷாரோனின் குறிப்பைக் காட்டி, வேறிடத்திலும் இருக்கிறதே என்றார்கள். தாங்கல் தவளையும் தீவுத் தவளையும் ஒன்றுதானா என்று ஒரு குழு என்னைக் கேட்டது. பெயர் வைத்தவனைத்தானே கேட்க வேண்டும். ஆம் என்று பதில் எழுதினேன். உண்மையைத்தான் எழுதினேன். எப்படி இங்கே வந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. தடை நீங்கியது. கம்பெனிக்காரர்கள் தீவில் தாழையை எல்லாம் பிடுங்கிவிட்டுக் கற்களைக் கொட்டினார்கள். அடுத்த மழைக்கு ஷாரோன் தீவுக்குப் போனாள். ஒன்றுகூடக் கத்தவில்லை என்று போனில் சொன்னாள். அத்தோடு வைத்துவிட்டாள்.

அந்தப் பெண் சும்மா இருக்கிறவள் இல்லை. தாங்கல் தவளைகளின் தோலைத் துளித்துளி எடுத்துப் பெங்களூருக்கு மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் இங்கேதான் வந்தாள். அம்மாவிடம் போவதற்கு முன்னால் என்னிடம்தான் வருவாள்.

“எல்லாம் ஒரே தாயோட வம்சம் சார். இங்க காலாகாலமா இருந்திருந்தா இப்டி இருக்காது. யாரோ கொண்டாந்து வுட்டுக்கீறாங்க.”

“யாருன்னு தெரிஞ்சா இன்னா பண்ணுவே?”

“கால்ல வுழுவேன் சார். அவங்க கொண்டாரலன்னா இன்னிக்கி ஒண்ணுகூட இல்ல. அவங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும், தாங்கலையே காப்பாத்திடலாம். இத வளத்து வேற ஒரு தீவுல வுடலாம். சொல்றதுக்கு ஆளு வேணும் சார்.”

அவள் அந்த டிபன் கேரியரை நினைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என்மேல் அவ்வளவு மரியாதை. கண்டுபிடித்திருந்தால் என் காலில் விழுந்திருப்பாள். அதை நினைத்துப் பார்த்தேன். என்னால் தாங்கியிருக்க முடியாது. என் மாணவி ஒருத்தி என்னைத் திட்டலாம். என்னை மன்னிக்க மட்டும் கூடாது. தாங்கலில் தவளை இருக்கும் வரை அவள் தேடுவதை விடமாட்டாள்.

எங்கள் பக்கத்து ஆட்கள் எதையும் சபை கூட்டித்தான் செய்வோம். குடவோலையில் தேர்தல் நடத்திய கல்வெட்டு உத்திரமேரூர்க் கோயில் சுவரில் இருக்கும்போது எங்களுக்கு அந்தப் பெருமை இல்லாமல் போகுமா? மே தினத்துக் கிராமசபையில் நான் எழுந்து இரண்டு யோசனை சொன்னேன். தாங்கல் கரையில் தாழம்புதர் மண்டிப் பாம்பு அடைகிறது, நூறுநாள் வேலையில் வெட்டிச் சுத்தம் செய்யலாம் என்றேன். மீன் குத்தகை எடுத்திருக்கிற செங்கேணி குஞ்சு விடுவதற்கு முன்னால், தாங்கலுக்கு இலுப்பைப் புண்ணாக்குப் போட்டுவிடலாம் என்றேன்.

உங்களுக்குத் தெரியாததில்லை. கோடையில் குட்டையாய்ச் சுருங்கிய தண்ணீரில் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்தால், குரவை, கெளுத்தி என்று புதுக்குஞ்சைத் தின்கிற மீனெல்லாம் மிதந்துவிடும். எல்லா ஊரிலும் செய்கிறதுதான். அந்த மீனைச் சாப்பிட்டால் மனிதருக்கு ஒன்றும் ஆகாது. தவளைக்கும் தலைப்பிரட்டைக்கும் ஆகும்.

“புண்ணாக்கு வெலதான் வாத்தியாரே பேஜாரா கீது” என்றார் செங்கேணி.

“மூட்டை நான் வாங்கித் தர்றேன்” என்றேன்.

எல்லாரும் கை தூக்கினார்கள். ஞானசுந்தரியும் தூக்கினாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஓர் உயிரினத்தை இவ்வளவு ஒழுங்காக ஒழித்தவர்கள் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

பட்டப்பகலில்தான் செய்தோம். பெண்கள் கத்தி கொண்டு தாழையை வெட்டிக் கரையிலேயே கொளுத்தினார்கள். தண்ணீர் நுரைத்து மீன் மிதந்ததும் ஊரே இறங்கியது. ஒரே சிரிப்பும் கும்மாளமும். ஞானசுந்தரி முந்தானை நிறையக் கெளுத்தியை அள்ளிக்கொண்டு கரையேறினாள்.

“வாத்தியாரய்யா புண்ணியத்துல இன்னிக்கி எல்லா வூட்லயும் மீன் கொழம்பு” என்றாள். அவள் காலடியில் நகத்தளவு தவளைகள் மல்லாந்து கிடந்தன. நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் அதிகம்.

மழை பிடித்ததும் சென்னையிலிருந்து ஷாரோனின் நிலையத்து ஆட்கள் தவளையைப் பார்க்க வந்தார்கள். ஒன்றும் இல்லை. பேச்சு மாறியது. மரபணுவும் யாரோ கொண்டுவந்தது என்கிறது, யார் அது, பேர் வாங்க இவளே கொண்டுவந்து விட்டாளா என்று கேட்டார்கள். என்னிடமும் விளக்கம் கேட்டார்கள். ‘தீவுப் பயணத்தில் மாதிரிகளைப் பிடித்ததும் பொட்டலம் கட்டியதும் பெரும்பாலும் ஷாரோன்தான்’ என்று எழுதினேன். அதிலும் ஒரு பொய் கிடையாது. அவளைத் தற்காலிகமாக நீக்கினார்கள். உங்கள் இலாகாவுக்கும் புகார் போனது.

போன வாரம் அவள் வந்தாள். இளைத்திருந்தாள். இதே நாற்காலி.

“எங்கியாவது ஒரே ஒரு ஜோடி இருந்தாப் போதும் சார். மறுபடி உண்டாக்கிடலாம். என் வேல போனா போவுது சார். அவ பேரு போவக்கூடாது.”

தொட்டியில் அப்போது சரியாக ஒரு ஜோடி இருந்தது. மேகம் மூட்டமாக இருந்ததால் எந்த நேரமும் கத்திவிடும் என்று தெரியும். நான் எழுந்து போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். அது பழைய மோட்டார், உறுமினால் பக்கத்தில் பேசுவதே கேட்காது. அவள் அழுது முடித்துப் போகும் வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். தோளைத் தட்டிக்கொடுத்தேன். ஜெபம் பண்ணும்மா என்றுகூடச் சொன்னேன்.

அவள் போனதும் சசிரேகா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

“டேங்க்கு ரொம்பி வழியிது. மோட்டரு எதுக்குங்க போட்டீங்க?”

நான் போய் மோட்டாரை நிறுத்தினேன். அவள் பின்கட்டைப் பார்த்தாள், தாங்கல் பக்கம் பார்த்தாள். எதிர்க்குரல் ஏன் நின்றது என்று அவள் கேட்டபோது கோடை என்று சொல்லிவைத்திருந்தேன். இப்போது அவளே ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன், உங்களுக்குச் சொன்ன மாதிரியே. உனக்காகத்தான் என்றேன்.

“அப்போ அந்தப் பொண்ணு?”

“சின்ன வயசு. வேற வேல கெடைக்கும்.”

அவள் ஒரு தலையணை உறையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு, தாங்கல் கரை மேலேயே நடந்து ஞானசுந்தரி வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் வம்சத்தில் அந்தக் கரையைத் தாண்டி அங்கே தங்கப்போன முதல் ஆள் அவள்தான்.

போனதும் ஷாரோனிடம் சொல்லிவிடுவாள் என்று தெரியும். ஷாரோன் வந்தால் ஜோடியாகக் கொண்டுபோய்விடுவாள். அப்புறம் இந்தப் பின்கட்டில் என்ன இருக்கும்? பெண் தவளைக்குக் குரல் கிடையாது என்று முன்னமே சொன்னேன். சசிரேகாவுக்குத் தேவை குரல்தானே. அதனால் பெண் தவளையை எடுத்து ஸ்பிரிட்டில் போட்டேன். வயிற்றில் முட்டை இருந்தது. வலிக்காமல் செய்தேன், அதற்கெல்லாம் முறை இருக்கிறது. பெயர்ச்சீட்டும் ஒட்டிவிட்டேன். ஷெல்ஃபில் இரண்டாவது தட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில்.

விடிந்ததும் ஷாரோன் ஈரத்துணி போட்ட டப்பாவோடு ஓடி வந்தாள். நேராகப் பின்கட்டுக்குப் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் தேடினாள்.

“பொண்ணு எங்க சார்?”

“போயிட்டாம்மா” என்றேன்.

கலயத்தோடு நான் அந்தமானிலிருந்து இறங்கிய அன்று, இதே வார்த்தையைத்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். அவளுக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும். திட்டவில்லை. காலில் விழவும் இல்லை. டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

இவ்வளவுதான் ஐயா. தவளைகளைக் கொண்டுவந்தது நான். தீவு போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டதும், தாங்கலில் விஷம் கலக்க வைத்ததும், பழியை அவள் பக்கம் தள்ளியதும் நான். கடைசிப் பெண் தவளையைக் கொன்றதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஷாரோன்மீது ஒரு குற்றமும் இல்லை. அவளையும் என் மகள் மாதிரிதான் நான் நினைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தொட்டியில் இருப்பதை எடுத்துப்போவதானால் நாளைக் காலையில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று மேற்குக் காற்று. சாயங்காலம் இது கத்தினால் சத்தம் தாங்கலைத் தாண்டி நேராக ஞானசுந்தரி வீட்டு ஜன்னலுக்குப் போகும். சசிரேகா அதன் பக்கத்தில்தான் படுக்கிறாளாம். அவள் கேட்பதற்காகத்தானே இத்தனையும்.

நீங்கள் அங்கிருந்துதானே வந்தீர்கள், ஜன்னல் சாத்தியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். நானும் தினமும் மாடியிலிருந்து பார்க்கிறேன். தாங்கலில் தவளை இல்லாமல் போனதிலிருந்து இந்த ஊரில் கொசு அதிகமாகிவிட்டது ஐயா. அதற்காகத்தான் சாத்திவைத்திருக்கிறாள்.